அம்மாயியின் ஊரைத் தேடி இந்தியா போகிறோம்: 14 நாளில் எங்கெங்கே போகலாம்?

லிந்துலை டீச்சர் எழுதியது:

வணக்கம். நான் இலங்கையில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. ஆகஸ்ட் லீவில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் தடவையாக இந்தியா போகப் போகிறேன். கையில் 14 நாள் இருக்கிறது. அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் வலி உண்டு, ஆனாலும் நடப்பேன் என்கிறார்.

யாரிடம் கேட்டாலும் தாஜ்மகால், திருப்பதி, தி. நகரில் சேலை என்கிறார்கள். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அம்மாவின் மனதில் இருப்பது வேறு. அவருடைய அம்மா, எங்கள் அம்மாயி, ஆறு வயதில் மண்டபம் கேம்ப், அதாவது தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தங்கவைத்துச் சோதித்த முகாம், வழியாக இலங்கைக்கு வந்தவர். 1939இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் போவதைத் தடுத்ததே, அதற்கு இரண்டு வருடம் முந்தி. மண்டபத்தில் ஊசி போட்டதையும், உடுத்திய துணியை வாங்கி அவித்துக் கொடுத்ததையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர்ப் பெயரைக் கேட்டால் "துறையூர்ப் பக்கம்" என்பார். அதற்கு மேல் தெரியாது. ஆனால் இரண்டு விஷயத்தை மாற்றாமல் சொல்வார். விடிந்தால் பச்சமலைக்குப் பின்னாலிருந்து சூரியன் வரும். ஏரிக்கரையில் அய்யனார், பக்கத்தில் மண்குதிரைகள், அதில் ஒன்றுக்குக் காது உடைந்திருக்கும். அந்தக் குதிரை மேல் ஏறி அவர் அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறார்.

அப்புறம் இன்னொரு தேடலும் இருக்கிறது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, எங்களை மாதிரி இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்களே, அதில் அம்மாயி இந்தப் பக்கம், அவருடைய கூடப்பிறந்த தம்பி அந்தப் பக்கம். 1972இல் தம்பி குடும்பம் தலவாக்கலையில் கோச்சி, அதாவது ரயில், ஏறியது. அம்மாவுக்கு அப்போது 14 வயது. கோச்சி முழுக்க ஒப்பாரி, பிளாட்பாரத்திலும் ஒப்பாரி, கோச்சி நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை விடாமல் கொஞ்ச தூரம் ஓடினேன் என்று அம்மா சொல்வார். கோத்தகிரியிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. 83 கலவரத்தில் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு ஓடியபோது கடிதக் கட்டும் போய்விட்டது. ஒரே ஒரு நீலக் கடிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் தப்பியிருக்கிறது. விலாசத்தில் பாதி ஈரத்தில் அழிந்து, "டேன்டீ" என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

இதுதான் எங்களிடம் இருக்கும் ஆதாரம். துறையூரில் எப்படித் தேடுவது? கோத்தகிரியில் யாரைக் கேட்பது? தனுஷ்கோடிக்கு வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? அவ்வளவு பெரிய நாட்டில் இதையும் பார்த்துவிட்டு வா என்று நீங்கள் சொல்வது எது?

துறையூர்வாசி எழுதியது:

டீச்சர், உங்கள் அம்மாயி கொடுத்த அடையாளம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

பச்சமலை எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், அதாவது பெரம்பலூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்குப் பச்சமலையில் சூரியன் விழும். முளைக்காது. மலைக்கு மேற்கே இருக்கிறவர்களுக்குத்தான் அது முளைக்கிற மலை. ஆகவே பாதி ஊர்களை இப்போதே தள்ளிவிடலாம். எங்களுக்கு மேற்கே கொல்லிமலை. சாயங்காலச் சூரியனைப் பற்றி அம்மாயி ஏதாவது சொன்னாரா என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அதுவும் மலையில்தான் விழுந்தது என்றால், இரண்டு மலைக்கும் நடுவில் உள்ள உப்பிலியபுரம் பக்கத்து ஊர்களில் தேடலாம்.

மண்குதிரையை மட்டும் நம்பி வராதீர்கள். இப்போது பல அய்யனார் கோயில்களில் சிமெண்ட் குதிரை வைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். மண்குதிரை நேர்த்திக்கடனாக வைப்பது. மழையில் கரைந்து உடைந்து போகும், அய்யனாருக்குக் குதிரை எடுத்து வைக்கும் அடுத்த புரவி எடுப்பில் புதிது வரும்.

ஊருக்குள் போய் "இலங்கைக்குப் போன குடும்பம்" என்று கேட்காதீர்கள். பெரியவர்களுக்கு அது சட்டென்று பிடிபடாது. "கண்டிக்குப் போனவங்க" என்று கேளுங்கள். எங்கள் தாத்தாமாருக்கு உங்கள் நாடு முழுவதும் கண்டிதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எந்த ஊரிலும் முதல் கேள்வி "நீங்க எந்த ஆளுங்க" என்பதாகத்தான் இருக்கும். எந்தத் தெருவில் விசாரிக்கலாம் என்று பார்ப்பதற்காகவே பலர் கேட்பார்கள். ஆனாலும் அது உங்களைக் கஷ்டப்படுத்தலாம், எனக்கே அந்தக் கேள்வி பிடிக்காது. சொல்ல விருப்பம் இல்லையென்றால் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லுங்கள். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மாசி மாதம் சிவராத்திரிக்கு எந்தெந்த ஊரிலோ பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் குலதெய்வக் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். ஆகஸ்டில் கோயில் வெறிச்சென்று இருக்கும், பூசாரியைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பொன்னர் சங்கர் கூத்து ஆடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தக் கதையின் மண் மணப்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் வீரப்பூர். மாசித் திருவிழாவில், அண்ணன் தம்பி போரில் விழுவதை நடித்துக் காட்டும் படுகளம் நடக்கும் இடம் அது. திருச்சியிலிருந்து அரை நாள் ஒதுக்கினால் போதும்.

பதுளைப் பயணி எழுதியது:

தங்கச்சி, வேலையில் இருந்தபோதும் பென்ஷனுக்குப் பிறகும் இந்தியாவுக்கு ஆறு தடவை போனவன் நான். முதலில் சில்லறை விஷயங்கள். இ-விசாவை இங்கிருந்தே ஒன்லைனில் போடலாம். கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரம்தான். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023இல் மறுபடி கப்பல் விட்டார்கள், ஆனால் அது காற்றையும் கடலையும் பொறுத்தது, அம்மாவை வைத்துக்கொண்டு நீங்கள் விமானத்திலேயே போங்கள். மாமல்லபுரம் மாதிரி இந்தியத் தொல்லியல் துறை டிக்கெட் வாங்கும் இடங்களில் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். சார்க் நாட்டுக்காரருக்கு இந்தியர் கட்டணம்தான். வெளிநாட்டவர் வரிசையில் நின்று பல மடங்கு கட்டிவிடாதீர்கள்.

திருச்சியில் ராமேஸ்வரம் ரயில் பிடித்தால், அதற்கு இன்றைக்கும் போட் மெயில் என்றுதான் பெயர். எங்கள் பாட்டன் பூட்டன் வந்த ரயிலின் பெயர் அது. பழைய பாம்பன் பாலம் 1914இல் கட்டியது. 2022 கடைசியில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்துவிட்டதால் நீங்கள் ரயிலிலேயே கடலைத் தாண்டலாம். தனுஷ்கோடிக்கு இப்போது அரிச்சல்முனை வரை தார் ரோடு. அம்மா நடக்க வேண்டியதே இல்லை.

இனி, உங்கள் கடைசிக் கேள்வி. 14 நாளில் இது உங்களால் முடியாது, ஆனால் ஒரு நாள் நீங்கள் போக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 2018இல் நான் கன்னியாகுமரியில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறி அசாமில் திப்ருகர் வரை போனேன். 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று பகல் மூன்று இரவு தாண்டியும் ரயில் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு நினைவில் நிற்பது டீ விற்பவரின் குரல். கேரளாவில் சாயா, கோயம்புத்தூரில் டீ, ஒடிசாவில் சாய், வங்காளத்தில் சா. கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் எந்த மாநிலம் என்று சொல்லிவிடலாம். பெட்டியில் எதிரே உட்காரும் ஆளும் மாறிக்கொண்டே வந்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தின் மணமும் மாறியது.

திப்ருகருக்கு வெளியே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். மலையே இல்லை. மேசை விரித்த மாதிரி தட்டையான நிலத்தில் தேயிலை, நடுநடுவே நிழல் மரம். கொழுந்து எடுப்பவர்கள் சோட்டா நாக்பூர் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் கூட்டி வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். தங்களுக்குள் சாத்ரி என்ற பாஷை பேசுகிறார்கள். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. கூட வந்த பையன் ஒரு வரிசை வீட்டைக் காட்டி "லைன்" என்றான், நாம் லயம் என்பதுதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆள் பிடித்து வந்தவனுக்கு அங்கே சர்தார் என்று பெயர், நமக்குக் கங்காணி. ஒரு கிழவி என் கையைப் பிடித்து, விரலைத் திருப்பிப் பார்த்தாள். நான் கொழுந்து எடுத்தவன் இல்லை, கணக்கப்பிள்ளை ஆபிசில் இருந்தவன். எங்கள் அம்மாவின் விரல் உன் விரல் மாதிரியே கறுத்து வெடித்திருக்கும் என்று சொல்ல எனக்குப் பாஷை இல்லாமல் போனது. இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது.

கோத்தகிரி சிலோன்காரர் மகள் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை எங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கோச்சி என்ற சொல்லைக் கேட்டதும் அழுதுவிட்டார். இங்கே யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

டேன்டீ என்பது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசு தொடங்கிய தோட்டங்கள் அவை. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று பல டிவிஷன் இருக்கிறது. விலாசத்தில் டிவிஷன் பெயர் ஒரு எழுத்து தெரிந்தாலும் போதும். உங்கள் அம்மாவின் மாமா பெயர், அவருடைய தகப்பனார் பெயர், வந்த வருடம் இதையெல்லாம் இங்கே பொதுவில் போடாமல் எனக்குத் தனியே அனுப்புங்கள். தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டையைப் பழைய ஆட்கள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அரசாங்கத்தில் எது கேட்டுப் போனாலும் அந்த அட்டையைத்தான் முதலில் கேட்டார்களாம். ஒவ்வொரு லைனாக நான் விசாரிக்கிறேன்.

எங்களை இங்கே சிலோன்காரங்க என்பார்கள். உங்களை அங்கே இந்தியாக்காரன் என்றார்களாமே, அம்மா சொல்வார்.

வந்தால் இரண்டு நாள் தங்குங்கள். கோத்தகிரியின் பெயரிலேயே கோத்தர் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். மண்பாண்டமும் இரும்பு வேலையும் இசையும் அவர்களுடையது. ஊட்டிப் பக்கம் தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் ஊர், இருக்கிறது, அவர்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஸ்ஸில் படுக பாஷை, கடையில் மலையாளம், ஸ்கூலில் தமிழ் என்று எங்கள் பிள்ளைகள் மூன்றும் பேசும். ஆகஸ்டில் ஊட்டியில் அடிக்கிற அளவுக்குக் கோத்தகிரியில் மழை இருக்காது, ஆனால் ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள். லிந்துலைக்காரர்களுக்கு நான் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

லிந்துலை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. துறையூர் அண்ணா, அம்மாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஒரு மலையில முளைச்சு ஒரு மலையில விழும்னு அம்மா சொல்லும்" என்றார். இத்தனை வருடம் அதை ஏதோ பாட்டு வரி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

லிந்துலை டீச்சர் எழுதியது (ஆறு வாரம் கழித்து):

போய் வந்துவிட்டோம். உதவி செய்தவர்களுக்கு விவரம் சொல்லாமல் இருக்கக் கூடாது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

துறையூரில் லாட்ஜ் எடுத்து, மூன்று நாள் ஒரு ஆட்டோ பேசிக்கொண்டோம். ஆட்டோத் தம்பி முதல் நாளே எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு டீக்கடையிலும் எங்களுக்கு முன்னால் அவரே இறங்கி "கண்டிக்குப் போனவங்க யாராவது இருக்காங்களா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அண்ணா சொன்னது சரி, கண்டி என்றதும் முகம் மாறியது. நாலு ஊரில் ஆமாம் என்றார்கள். எங்கள் பெரியப்பா போனார், திரும்பி வரவே இல்லை என்று ஒருவர். கண்டியிலிருந்து மணியார்டர் வரும் என்று ஒரு பாட்டி. ஒரே குடும்பத்தின் ஊரைத் தேடிப் போன எங்களுக்கு, நாலு ஊரிலும் காணாமல் போன ஆள் கணக்கு இருந்தது. "எந்த ஆளுங்க" என்ற அந்தக் கேள்வியையும் கேட்டார்கள், மூன்று ஊரில். அம்மா குலதெய்வத்தின் பெயரை மட்டும் சொன்னார். ஒரு ஊரில் அதற்கு மேல் எங்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது நாள் உப்பிலியபுரத்திலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரில், ஏரிக்கரை அய்யனாரைப் பார்த்தோம். வாசலில் சிமெண்ட் குதிரை இரண்டு, நீலமும் வெள்ளையுமாக. கோயிலுக்குப் பின்னால் பனைமரத்தடியில் பழைய மண்குதிரைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். கால் தனி, கழுத்து தனி, வயிற்றுப் பானை தனி, மேலே எறும்புப் புற்று. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு தலையாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தக் குவியலில் காது உடையாத குதிரை ஒன்றுகூட இல்லை.

பூசாரி வந்து, இது எல்லாம் முப்பது நாற்பது வருடத்துக்குள் வைத்தது, உங்கள் அம்மா காலத்துக் குதிரை மண்ணாகியிருக்கும் என்றார். அப்புறம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டு நிலத்தைக் காட்டி, அதைக் கண்டியான் காடு என்று சொல்வோம், ஏன் என்று தெரியாது, எங்கள் அப்பா காலத்திலிருந்தே அந்தப் பெயர்தான் என்றார். சோளம் போட்டிருந்தார்கள். இதுதான் எங்கள் ஊர் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. மறுநாள் விடிவதற்கு முன்னால் ஆட்டோவை வரச் சொல்லி மறுபடியும் அங்கே போனோம், அம்மா கேட்டதால். பச்சமலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. மலை முதலில் கறுப்பாக, அப்புறம் ஊதாவாக, சூரியன் தலை காட்டியதும் அடிவாரம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. அம்மா ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார்.

வீரப்பூரில் ஒரு மணி நேரம்தான் இருந்தோம். எங்கள் தோட்டத்தில் சங்கர் வேஷம் கட்டும் மாமாவுக்கு வீடியோ கோலில் கோயிலைக் காட்டினேன். அவர் மறுமுனையில் கூத்துப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார். கோயில் வாசலில் இருந்த இரண்டு பேர் போனைச் சுற்றி நின்று, தங்களுக்குத் தெரிந்த அடியைச் சேர்த்துப் பாடினார்கள். மெட்டு கொஞ்சம் வேறு, கதை அதேதான்.

தனுஷ்கோடி எனக்குத் தாங்கவில்லை. 1964 அக்டோபர் 30ஆம் தேதி ஒப்பந்தம். டிசம்பர் 22 இரவில் புயல் வந்து ஊரையும் ரயில் பாதையையும் துறைமுகத்தையும் கொண்டுபோய்விட்டது. நம்மைத் திருப்பி அனுப்ப முடிவுசெய்து இரண்டு மாதம் ஆகவில்லை, வந்த வழி கடலுக்குள் போய்விட்டது. இடிந்த தேவாலயத்தின் சுவரில் பவளக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் சங்கும் சிப்பி மாலையும் விற்கிறார்கள். அரிச்சல்முனையில் அம்மா, தலைமன்னார் எந்தப் பக்கம் என்று கேட்டார். கையைக் காட்டினேன். ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர்தான்.

கோத்தகிரித் தங்கச்சி, உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவின் மாமா 1998இல் இறந்துவிட்டார் என்பதை நீ முன்பே சொன்னதால் அம்மா மனதைத் தயார்செய்துகொண்டுதான் வந்தார். மாமாவின் மகள், எனக்கு அத்தை முறை, கோச்சி ஏறும்போது ஐந்து வயது. அம்மாவை அவருக்கு நினைவில்லை. முதல் பத்து நிமிஷம் இரண்டு பேரும் பழகாத ஆட்கள் மாதிரி, வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்தார்கள். டீ குடித்தோம். கொழுந்து எடுக்கப் போகும் நேரம் ஆகிவிட்டது என்று அத்தை எழுந்து, இடுப்பில் கட்டுவதற்காகக் கதவுக்குப் பின்னால் தேடி, "இந்தப் படங்கை எங்க வச்சேன்" என்றார். அம்மா சட்டென்று அவரைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு மருமகள் படங்கு என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள். எங்கள் மலையில் இடுப்புச் சாக்குக்கு அதுதான் பெயர். அத்தை வாயில் ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தச் சொல் அப்படியே இருந்திருக்கிறது. அன்றைக்கு அத்தை வேலைக்குப் போகவில்லை. தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி தட்டி, கட்டைச் சம்பல் அரைத்தார். அவருடைய பேத்தி திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். படுகத்தில் பாட்டு, ஹிந்தியில் எண்கள், எல்லாம் சொல்லிக் காட்டினாள். என்னிடம் சிங்களத்தில் ஒன்று முதல் பத்து வரை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாள்.

பதுளை அண்ணா, அசாம் பற்றி நீங்கள் எழுதியதை அத்தைக்கும் சொன்னேன். அங்கேயும் லைன் என்றா சொல்கிறார்கள் என்று இரண்டு தடவை கேட்டார்.

துறையூர் அண்ணாவிடம் இப்போது ஒரு உதவி. அடுத்த மாசியில் சிவராத்திரிக்கு அம்மாவும் அத்தையும் அந்த அய்யனாருக்கு ஒரு மண்குதிரை வைக்க வேண்டும் என்று நேர்ந்திருக்கிறார்கள். இடுப்பு உயரம் இருந்தால் போதும். உங்கள் பக்கத்தில் இன்னும் குதிரை செய்யும் வேளார் யாராவது இருக்கிறார்களா? எவ்வளவு நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும், சூளையிலிருந்து கோயிலுக்கு எப்படிக் கொண்டு போவார்கள்? காது உடையாமல் போய்ச் சேர வேண்டும் என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறார்.